மேலே பாதி, கீழே பாதி

எஸ்டேட் வீடு, பண்பொழி மேல்
4.5.2025

அன்புத் தம்பி சுபாஷுக்கு அக்கா சங்கரேஸ்வரி எழுதுவது. நான், உன் அத்தான், அபி மூன்று பேரும் சுகம். உன் வயிற்றுவலி எப்படி இருக்கிறது? ஹோட்டல் சாப்பாட்டை விடு என்றால் நீ கேட்டால்தானே!

உன் கூட்டாளி ஜோயல் போன செவ்வாய்க்கிழமை வந்து உன் மெஷினை மாட்டிவிட்டுப் போனான். ஒரு பெட்டி மேலே தடுப்பணைப் பக்கம், சோலார் தகட்டோடு. இன்னொரு பெட்டி கீழே அருவிக்கரையில், டிக்கெட் கொடுக்கிற அறையில். அந்த அறைக் கூரையில் வெள்ளம் வருமுன் ஊதுகிற சங்கு. ஜோயல் ஒரு தடவை ஊதிக் காட்டினான். அபி காதைப் பொத்திக்கொண்டு ஓடினாள், குரங்குகள் சாயங்காலம் வரை மரத்தை விட்டு இறங்கவில்லை.

உன் அத்தானுக்குப் பெருமை தாங்கவில்லை. பதினாலு வருஷமாக இந்த அருவிக்குக் காவல் இருக்கிற மனுஷன். தண்ணீரின் நிறத்தையும் மிதந்து வருகிற சருகையும் பார்த்தே, வெள்ளம் வரும்முன் விசில் ஊதி ஆட்களைக் கரையேற்றுவார். இப்போது, "இனி என் கண்ணுக்கு லீவுட்டி. மாப்ள மெஷின் பாத்துக்கிடும்" என்கிறார். டிக்கெட் வாங்க வருகிறவனிடமெல்லாம், "என் மச்சினன் செஞ்சது. பெங்களூர்ல கார் பிரேக்குக்கு புரோகிராம் எழுதுதான்" என்று ஆரம்பித்துவிடுகிறார். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. ஒரு சங்கு ஊத எதற்கு இரண்டு பெட்டி? அத்தானிடம் கேட்டால் "அதெல்லாம் டெக்னிக்கு" என்று நழுவுகிறார். இங்கே டவர் கிடைக்காது, அதனால் போன் போட்டுவிட்டு அக்கா எடுக்கவில்லை என்று முறைக்காமல் எழுது.

உன் அக்கா

◆

பெங்களூர்
13.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வயிறு தேவலாம். அபியின் பத்தாம் வகுப்புப் புத்தகங்களுக்கு அட்டை போட்டாயிற்றா?

உன் கேள்வி நல்ல கேள்வி. மேலே தடுப்பணையில் தண்ணீர் ஏறினால், அது அருவிக்கு வர ஒன்பது நிமிடம் ஆகும். மட்டத்தைப் பார்ப்பது, கணக்குப் போடுவது, சங்கு ஊதுவது எல்லாம் நாலு நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். அப்போதுதான் ஆட்களைக் கரையேற்ற அத்தானுக்கு ஐந்து நிமிடம் மிஞ்சும். நாலு நிமிடத்துக்கு ஒரு தரம் இந்த வேலை முதலிலிருந்து நடக்கும். மேல் பெட்டி சோலாரில் ஓடுகிற சின்னப் பெட்டி, முழு வேலையையும் ஒற்றையாகக் கெடுவுக்குள் முடிக்க அதற்குச் சக்தி இல்லை. கீழ்ப் பெட்டிக்கு டிக்கெட், ஆறு கேமரா என்று ஏற்கெனவே வேலை கழுத்து மட்டும். ஒன்றிலும் முழுதாக அடங்காத வேலையை உடைத்துவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். பாதியை மேலே வைத்தேன், பாதியைக் கீழே வைத்தேன். மேல் பாதி இரண்டாவது நிமிடத்துக்குள் முடிய வேண்டும். கீழ்ப் பாதி இரண்டாவது நிமிடத்தில் தொடங்கி நாலாவதுக்குள் முடிக்கும்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். காலையில் அபியின் டிபனை ஏழு இருபதுக்குள் நீ கட்டி வாசலில் வைக்கிறாய். ஏழு இருபதுக்கு அத்தான் அதை எடுத்துக்கொண்டு இறங்கி, ஏழு நாற்பதுக்கு வருகிற ஸ்கூல் வேனில் கொடுக்கிறார். நீ முடித்தாயா என்று அவர் எட்டிப் பார்க்க மாட்டார். மணி அடித்ததும் வாசலில் இருப்பதை எடுத்துக்கொண்டு நடப்பார். அவ்வளவுதான்.

மேல் பாதி தாமதமானால் என்ன செய்வது என்று ஜோயலும் கேட்டான். மாட்டுவதற்கு முன்பே, மார்ச்சில் அவன் வீட்டு மொட்டைமாடியில் மூன்று வாரம் ஓடவிட்டுப் பார்த்தோம். எவ்வளவு இழுத்தாலும் ஒரு நிமிடம் இருபது விநாடிக்கு மேல் போகவில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று அத்தானிடம் சொல்.

அன்புடன்
சுபாஷ்

◆

எஸ்டேட் வீடு
22.6.2025

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம், அபிக்கு மட்டும் ஜலதோஷம். சாரல் தொடங்கிவிட்டது. துவைத்த துணி காயமாட்டேன் என்கிறது. குற்றாலத்தில் குளிக்கத் தடை போட்டால் அங்கே நிற்கிற வேன்களெல்லாம் இங்கே திரும்பிவிடுகின்றன.

உன் சங்கு இதுவரை இரண்டு தடவை ஊதியது. இரண்டு தடவையும் எல்லாரும் கரையேறி, தலை துவட்டி முடித்த பிறகுதான் தண்ணீர் வந்தது. அத்தான் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றதை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் போன வாரம் ஒரு வம்பு. நிறம் மாறுகிறதென்று அத்தான் தானாக விசில் ஊதிவிட்டார், தண்ணீர் வரவில்லை. குளித்துக்கொண்டிருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். எஸ்டேட் முதலாளி இறங்கி வந்து, "வே முத்துராமலிங்கம், மெஷின் எதுக்குவே வச்சிருக்கு? அது கத்துனா நீரு ஊதும். இல்லன்னா சும்ம நில்லும்" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டார். அத்தான் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மெஷின் இருக்கிறதென்று, அத்தானோடு காவல் பார்த்த சுந்தரபாண்டி அண்ணாச்சியையும் வேலையை விட்டு நிறுத்தியாகிவிட்டது. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் இரண்டுக்கும் இப்போது அத்தான் ஒருவர்தான்.

உன் டிபன் கதையில் எனக்கொரு சந்தேகம். நான் தாமதமாகி, அத்தான் வாசலில் இருப்பதை எடுத்துக்கொண்டு நடந்தால், அது முந்தின நாள் டப்பாவாக இருந்தால்? என் பிள்ளை ஊசிப்போனதையா தின்னும்? இதைக் கேட்டு அபி விழுந்து விழுந்து சிரித்தாள். பதில் எழுது.

உன் அக்கா

◆

பெங்களூர்
9.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஜூன் மாதக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவே இல்லை. வேலை என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் இப்படி ஆகிவிட்டது.

அத்தானின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் கிளம்பியபோது நீ உள் அறையை விட்டு வரவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பக்கத்து வீட்டு ஹாஜரா பீவி அக்காதான், "நீ போலே, அவ இப்ப யாரு மூஞ்சியையும் பாக்க மாட்டா" என்று அனுப்பினார்கள். அன்றைக்கு அத்தான் கைபிடித்துக் கரையேற்றிய இரண்டு பெண் பிள்ளைகளும் அவர்கள் அப்பாவோடு காரியத்துக்கு வந்திருந்தார்கள். ஒரு பாட்டியம்மாவைத் தூக்க மறுபடியும் இறங்கினார், அவளைக் கரைப்பக்கம் தள்ளிவிட்டார், அவரைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது என்று அந்த அப்பா என்னிடம் சொன்னார்.

பெட்டிகளை ஜோயல் கழற்றி வைத்திருக்கிறான். உள்ளே நேரம் பதிவாகியிருக்கும். இன்னும் திறந்து பார்க்கவில்லை, மழைத்தண்ணீர் இறங்கியிருக்கலாம் என்கிறான். அதைப் பற்றி நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. அபி பள்ளிக்கூடம் போகிறாளா? நீ ஏதாவது சாப்பிட்டாயா?

சுபாஷ்

◆

தென்காசி
18.8.2025

ஏலே சுபாஷ்,

உன் போனுக்கு முப்பது தடவை அடித்துவிட்டேன், எடுக்கமாட்டேன் என்கிறாய். வாட்ஸப்பில் நீலக் குறி விழுகிறது, பதில் இல்லை. அதனால்தான் ரிஜிஸ்டர் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆகவேண்டும்.

பெட்டியைத் திறந்துவிட்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை, எல்லாம் பதிவாகியிருக்கிறது. ஜூலை 19, பகல் 3.32 சுற்றில் மேல் பெட்டி தண்ணீர் ஏறியதைச் சரியாகப் பார்த்திருக்கிறது. ஆனால் அதன் பாதி வேலையை முடிக்க இரண்டு நிமிடம் இருபத்தைந்து விநாடி எடுத்திருக்கிறது. கீழ்ப் பெட்டி இரண்டாவது நிமிடத்தில் எழுந்து, அங்கே கிடந்த முந்தின சுற்றுக் கணக்கை எடுத்துக்கொண்டது. அதில் 'ஆபத்து இல்லை' என்று இருந்தது. அடுத்த சுற்று வந்த பிறகுதான் சங்கு, 3.40க்கு. தண்ணீர் 3.41க்கு. முத்துராமலிங்கம் அண்ணாச்சிக்குக் கிடைத்தது ஒரு நிமிடம்.

மேல் பெட்டி ஏன் இழுத்தது என்று பார்த்தேன். பதினோரு நாளாக வெயிலே இல்லை, பாட்டரி இறங்கிவிட்டது. பாட்டரி இறங்கினால் மெதுவாக ஓடு என்று அதற்குச் சொல்லி வைத்தவன் நீ. மார்ச் மாத வெயிலில் வைத்துச் சோதித்துவிட்டு ஒன்று இருபது என்கிறாயே, நீ நம் ஊரில் பிறந்தவன்தானா? சாரல் காலத்தில் சூரியன் முகம் காட்டாது என்று இங்கே ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். மாட்டியவன் நான், எனக்கும் உறைக்கவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் என்னால் முட்டி போட முடியவில்லை.

செப்டம்பர் மூன்றாம் தேதி விசாரணை. காவல்காரன் தூங்கிவிட்டான் என்று முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறார். எஸ்டேட் அருவியை மறுபடி திறக்க அவருக்கு அது வசதி. நீ வந்து அக்காவிடம் சொல், அதிகாரியிடமும் சொல். உன் அக்காவுக்கு உன் வாயிலிருந்துதான் தெரிய வேண்டும், நான் அதில் முந்த மாட்டேன். ஆனால் ரொம்ப நாள் காத்திருக்கவும் மாட்டேன். கர்த்தர் உனக்குத் தைரியம் தரட்டும்.

ஜோயல்

◆

குத்துக்கல்வலசை
7.9.2025

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நானும் அபியும் இருக்கிறோம். எஸ்டேட் வீட்டைக் காலி செய்து இங்கே ஒரு மாடி வீட்டுக்கு வந்துவிட்டோம். இங்கே டவர் நன்றாகக் கிடைக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். போனில் உன் குரலைக் கேட்டால் நான் என்ன பேசுவேனோ எனக்கே தெரியாது.

விசாரணை முடிந்தது. நீ வருவாய் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி பஸ் ஒவ்வொன்றாக வந்தபோது ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தேன். பிறகு நேரமாகிவிட்டது, உள்ளே போனேன். அத்தான் எங்கே நின்றார், என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டார்கள். கண் அசந்துவிட்டார் என்று சொன்னேன். எழுதிக் கொடுத்ததில் கையெழுத்துப் போட்டேன். முதலாளி வெளியே வந்து என்னைக் கும்பிட்டார்.

ஜோயல் அங்கே வந்திருந்தான். என் முகத்தைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் உடம்பு சரியில்லையோ என்னவோ.

உனக்கு அக்காவிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எழுது. எதுவானாலும் எழுது.

அக்கா

◆

பெங்களூர்
14.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஆபீசில் ஒரு பெரிய வேலை. சளிக் காய்ச்சலும் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டேன். இப்போது பரவாயில்லை.

விசாரணையைப் பற்றி எழுதியிருந்தாய். அதெல்லாம் முடிந்த கதை, இனி அபியைப் பார்ப்போம். பத்தாவது முடிந்ததும் அவளை இங்கே கொண்டுவந்து சேர்த்துவிடலாம். நல்ல பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. நீயும் வந்துவிடு. பார்சலில் அவளுக்குத் தீபாவளிக்கு ஒரு பாவாடை சட்டை வைத்திருக்கிறேன். அளவு குத்துமதிப்பாக எடுத்தேன். உனக்கு ஒரு சேலை.

இங்கே நல்ல மழை. உடம்பைப் பார்த்துக்கொள்.

சுபாஷ்

◆

குத்துக்கல்வலசை
26.10.2025

தம்பிக்கு,

பார்சலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். துக்க வீட்டுக்கு யாராவது தீபாவளித் துணி அனுப்புவார்களா? அப்பா அம்மா இல்லாமல் உன்னை வளர்த்தவள் நான். இதைக்கூட உனக்குச் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

சேலை போகட்டும். அபி என்னோடு பேசி நாற்பது நாளாகிறது. ஸ்கூல் வேனில் ஒரு பையன், "உங்கப்பா தூங்கிட்டாராமே" என்று கேட்டிருக்கிறான். அவனை அடித்துவிட்டு வந்தாள். அப்புறம்தான் தெரிந்தது, சொன்னதே அவள் அம்மாதான் என்று. அன்று சாயங்காலம் என் எதிரில் வந்து நின்று, "எங்கப்பா தூங்கவே மாட்டாரு. நீ ஏம்மா அப்படிச் சொன்ன?" என்று கேட்டாள். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தேன். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்தால் நான் அந்தப் பக்கம் போன பிறகு சாப்பிடுகிறாள்.

எஸ்டேட் அருவியில் மறுபடி டிக்கெட் கொடுக்கிறார்களாம். 'காவலாளி உறங்கியதால் நேர்ந்த விபத்து' என்று ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதாம். சுந்தரபாண்டி அண்ணாச்சி வந்து சொல்லிவிட்டு அழுதார். எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது, சுபாஷ்.

அக்கா

◆

பெங்களூர்
30.11.2025

அக்கா,

நலம் விசாரித்துத் தொடங்க எனக்கு யோக்கியதை இல்லை.

அத்தான் தூங்கவில்லை. சங்குதான் நாலு நிமிடம் தாமதமாக ஊதியது. தப்பு என்னுடையது. வேலையை இரண்டாக உடைத்தேன். மேல் பாதி முடிந்ததா என்று கேட்காமலே கீழ்ப் பாதி ஓடும்படி வைத்தேன். முடியவில்லை என்றால் பேசாமல் சங்கை ஊதிவிடு என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். வீணாக நாலு தடவை ஊதினால் முதலாளி திட்டுவார், மெஷின் சரியில்லை என்பார், என் பெயர் கெடும் என்று அந்த வரியை எழுதாமல் விட்டேன். முந்தின நாள் டப்பாவா என்று நீ ஜூன் மாதமே கேட்டாய். படித்துச் சிரித்தேன், அக்கா. சிரித்துவிட்டு மடித்து வைத்தேன்.

ஜோயலின் கடிதம் ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. நானே சொல்கிறேன் என்று அவன் வாயையும் கட்டி வைத்தேன். விசாரணைக்கு வர டிக்கெட் போட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஓசூரில் இறங்கித் திரும்பிவிட்டேன். உன் எதிரில் என் வாயால் இதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. தூங்கினார் என்று நீ ஏன் சொன்னாய் என்று எனக்குத் தெரியவில்லை. முதலாளி மிரட்டினாரோ என்று நினைத்தேன். எப்படியானாலும் அதை வாசித்தபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு பெட்டிகளின் பதிவையும், நான் செய்த தவறை விளக்கி ஆறு பக்கமும் விசாரணை அதிகாரிக்கு நேற்று அனுப்பிவிட்டேன். ஒரு நகல் இதோடு இருக்கிறது. என் மேல் வழக்கு வரலாம், வரட்டும். அபியிடம் இதைப் படித்துக் காட்டு. அவள் அப்பா கடைசி வரை கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தார்.

சுபாஷ்

◆

குத்துக்கல்வலசை
12.1.2026

தம்பி சுபாஷுக்கு,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்காமல் தபாலில் சேர்த்துவிட வேண்டும்.

உன் தாள்களைப் பார்த்த அதிகாரி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அபியையும் கூட்டிக்கொண்டு போனேன். பழைய வாக்குமூலத்தை எடுத்து வாசித்துவிட்டு, "ஏம்மா, புருஷன் தூங்குனாருன்னு நீதான எழுதிக் குடுத்த? இப்ப எது நெசம்?" என்றார். "தூங்கல சார். நான் சொன்னது பொய்" என்றேன். யார் சொல்லச் சொன்னது என்றார். யாரும் சொல்லவில்லை.

சங்கு தாமதமென்று எனக்கு அன்றைக்கே தெரியும். அத்தானுக்குக் காபி எடுத்துக்கொண்டு அருவிக்கரைக்கு வந்திருந்தேன். ஓரமாகச் சருகு வந்தது, தண்ணீர் செம்மண்ணாக மாறியது. அவரோடு இத்தனை வருஷம் இருந்தவளுக்கு அது தெரியாதா? "ஏங்க, நெறம் மாறுதுங்க, ஊதுங்க" என்றேன். விசிலை வாய்வரை கொண்டுபோனவர் எடுத்துவிட்டார். "மாப்ள மெஷின் இன்னும் கத்தலயேட்டி. அவன் தப்பா செய்ய மாட்டான்" என்றார். நானும் சரியென்று காபியை ஆற்ற ஆரம்பித்தேன். என் தம்பி செய்தது என்ற கர்வம் எனக்கும் இருந்தது. பிறகு சங்கும் தண்ணீரும் ஒன்றாக வந்தன.

இதை விசாரணையில் சொன்னால் மெஷினைச் செய்தது யார் என்பார்கள். புருஷன்தான் போய்விட்டார், தம்பியாவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன். செத்தவருக்குக் கெட்ட பெயர் வந்தால் அவருக்கா வலிக்கப்போகிறது என்று நினைத்தேன். அவருக்கு ஒரு மகள் இருப்பது கையெழுத்துப் போடும்போது என் புத்தியில் இல்லை. அதிகாரியிடம் இத்தனையும் சொன்னேன். அபி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும், "அப்பாவ விட மாமா ஒசத்தியாம்மா உனக்கு?" என்றாள். நாலு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. கோவில் வாசல் வரை அழுதுகொண்டே நடந்தோம், அவள் முன்னால், நான் பின்னால்.

நோட்டீஸைக் கிழித்துவிட்டார்கள். அத்தான் மேல் தப்பில்லை என்று அதிகாரி எழுதிக் கொடுத்த தாளை அபி தன் புத்தகப் பைக்குள் வைத்திருக்கிறாள். மெஷின் தவறியதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் அங்கே நின்றவள்தானே. ஆனால் நான் பொய்க் கையெழுத்துப் போட்டதை உனக்கு எழுதினேன். உனக்கு நிஜம் தெரியும். தெரிந்தும் நீ சளிக் காய்ச்சல் என்று எழுதினாய், பாவாடை சட்டை அனுப்பினாய், முடிந்த கதை என்றாய். உனக்காக நான் அவரைத் தூங்கவைத்தேன். நீ அவரை எழுப்ப மூன்று மாதம் எடுத்துக்கொண்டாய். அதை என்னால் தாங்க முடியவில்லை.

ஆடியில் அத்தானுக்கு முதல் வருஷத் திவசம். ஜோயல் எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். கொஞ்ச நாள் உன் கடிதமும் வேண்டாம். எத்தனை நாள் என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை.

குளிர் காலம், வெந்நீரில் குளி. வேளைக்குச் சாப்பிடு. இங்கே வராதே.

அக்கா